பழைய 4×5 கேமராவில் தொடங்குவது எப்படி: பெட்டியைத் திறப்பதிலிருந்து முதல் நெகட்டிவ் வரை

35 மி.மீ. கேமரா நம்மைப் பல தவறுகளிலிருந்து காப்பாற்றிக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவை ஃபிலிமைச் சுற்றாமல் அடுத்த படம் எடுக்க விடாது. லென்ஸைக் கழற்றினாலும் உள்ளே ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகாது. தனித்தனித் தாள் ஃபிலிமில் படம் எடுக்கும் 4×5 போன்ற லார்ஜ் ஃபார்மட் கேமராவில் அப்படிப்பட்ட தடுப்பு எதுவும் கிடையாது. ஷட்டர் திறந்திருக்கும்போதே ஃபிலிமை மறைக்கும் தகட்டை உருவலாம், ஒரே தாளில் இரண்டு படம் எடுக்கலாம், ஃபிலிம் தாளை வைக்கும் ஹோல்டரை வெறுமையாகச் செருகி ஒரு பகல் முழுவதும் படம் எடுக்கலாம். கேமரா வாயே திறக்காது.

அதனால் இதில் முதலில் கைக்குப் பழக வேண்டியது வேலைகளின் வரிசை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒளியை அளப்பதில் தவறுகிறவர்கள் குறைவு. ஒரு படியை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகிறவர்கள்தான் அதிகம். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

1. வாங்கும் முன்: அளவும் பின்பக்கமும்

4×5 அங்குலத்தில் தொடங்குங்கள். தாள் ஃபிலிம் அதிக வகைகளில் கிடைப்பது இந்த அளவில்தான். ஹோல்டர், டெவலப் செய்யும் டேங்க் எல்லாமும் அப்படியே. 8×10 மீது ஆசை வருவது இயல்பு. ஆனால் ஒரு 8×10 தாள் நான்கு 4×5 தாள்களுக்குச் சமம். பழகும் காலத்துத் தவறு ஒவ்வொன்றும் நான்கு மடங்கு ஃபிலிமைத் தின்னும்.

பழைய மரக் கேமராக்கள் பல, கண்ணாடித் தகடுகளுக்காகச் செய்யப்பட்டவை. 9×12 செ.மீ. மடக்குக் கேமராவும் 'ஹாஃப் பிளேட்' கேமராவும் பார்க்க அழகாக இருக்கும். அவற்றில் இன்றைய 4×5 ஹோல்டர் நுழையாது. வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'வழக்கமான 4×5 இரட்டை ஹோல்டர் இதன் பின்பக்கத்தில் பொருந்துமா?' ஸ்பீட் கிராஃபிக், கிரௌன் கிராஃபிக் போன்ற பிரஸ் கேமராக்களில் 1949 முதல் கிராஃப்லாக் பின்பக்கம் வந்தது. அது இருந்தால் இரட்டை ஹோல்டரோடு ரோல் ஃபிலிம் ஹோல்டரையும் பூட்டலாம். அதற்கு முந்தைய ஸ்பிரிங் பின்பக்கமும் தொடங்கப் போதும்.

கேமரா வகையைப் பற்றி என் கருத்து இது. வெளியே தூக்கிக்கொண்டு போகப் போகிறீர்கள் என்றால் பிரஸ் கேமராவோ மடக்கும் ஃபீல்டு கேமராவோ எடுங்கள். வீட்டுக்குள்ளும் மாடியிலும் வைத்துக் கற்கப் போகிறீர்கள் என்றால் ஒற்றைத் தண்டில் நகரும் மோனோரெயில் நல்ல ஆசிரியர். கனம் அதிகம், ஆனால் லென்ஸையும் பின்பக்கத்தையும் உயர்த்தும், சாய்க்கும் ஒவ்வொரு அசைவும் அதில் வெளிப்படையாகத் தெரியும்.

2. கேமராவைத் தவிர என்னென்ன வேண்டும்

லென்ஸ் 150 மி.மீ. இருந்தால் போதும். 4×5 தாளின் மூலைவிட்ட நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் கண்ணுக்கு இயல்பான பார்வை கிடைக்கும். 135 மி.மீ., 210 மி.மீ. லென்ஸ்களும் தொடங்க ஏற்றவை. 90 மி.மீ. அகல லென்ஸைத் தள்ளிப்போடுங்கள். கண்ணாடித் திரையின் ஓரங்கள் அதில் இருண்டு கிடக்கும், ஃபோகஸ் பார்க்கவே சிரமம்.

லென்ஸ் எந்தப் பலகையில் பூட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் லென்ஸ் பலகையின் அளவு வேறு. பலகையில் உள்ள துளை ஷட்டரின் அளவைப் பொறுத்தது: கோபால் (Copal) 0 ஷட்டருக்கு 34.6 மி.மீ., கோபால் 1-க்கு 41.6 மி.மீ. கேமரா ஒரு பலகையும் லென்ஸ் வேறொரு பலகையுமாக வந்து சேர்ந்தால் படம் எடுக்கும் நாள் தள்ளிப்போகும்.

மற்றவை: குறைந்தது மூன்று ஹோல்டர்கள், உறுதியான டிரைபாட், ஷட்டரைக் கையால் தொடாமல் இயக்கும் கேபிள் ரிலீஸ், 4 முதல் 8 மடங்கு பெரிதாக்கும் லூப், வெளிச்சம் புகாத கறுப்புத் துணி, லைட் மீட்டர், ஒரு சிறு குறிப்பேடு. மீட்டர் இல்லையென்றால் டிஜிட்டல் கேமராவின் அளவையோ ஃபோன் செயலியையோ கொண்டு தொடங்கலாம். கறுப்புத் துணி இல்லாமல் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடித் திரையில் எதுவுமே தெரியாது.

3. உடலைச் சோதித்தல்: துருத்தி, திரை, பூட்டுகள்

ஃபிலிம் வாங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ஒரு படம் கெடும்போது காரணம் கேமராவா, நீங்களா என்று தெரியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே உள்ள மடிப்புத் துருத்தியை முழுக்க நீட்டுங்கள். அறையை இருட்டாக்கி, பின்பக்கத்தின் வழியாகச் சிறிய டார்ச்சை உள்ளே விட்டு ஒவ்வொரு மடிப்பாக நகர்த்துங்கள். வெளியிலிருந்து பாருங்கள். ஊசிமுனை ஓட்டைகள் பெரும்பாலும் மடிப்புகளின் மூலைகளில்தான் இருக்கும், உராய்வது அங்கேதான். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது கொடுங்கள். ஒன்றிரண்டு ஓட்டைகளை நெகிழும் தன்மையுள்ள கறுப்புப் பூச்சால் அடைக்கலாம். மூலைகள் எல்லாம் நட்சத்திரம் பூத்ததுபோல் தெரிந்தால் துருத்தியையே மாற்றுவதுதான் வழி.

அடுத்து கண்ணாடித் திரை. அதன் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். பிம்பம் விழுவது அந்தப் பரப்பில். ஃபிலிமும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். யாரோ துடைக்கக் கழற்றித் திருப்பி மாட்டியிருந்தால் கண்ணாடியின் தடிமன் அளவுக்கு ஃபோகஸ் தப்பும். பிரகாசத்துக்காக ஃபிரெஸ்னெல் தகடு சேர்க்கப்பட்டிருந்தால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பிற்பாடு நுழைக்கப்பட்ட தகடு ஃபோகஸை நகர்த்திவிடும். கேமராவோடேயே அப்படி வடிவமைக்கப்பட்டிருந்தால் கவலையில்லை.

லென்ஸைத் தாங்கும் முன் சட்டத்தைப் பூட்டி, மெல்லத் தள்ளிப் பாருங்கள். நழுவினால் ஹோல்டரைச் செருகும்போதும் நழுவும்.

ஸ்பீட் கிராஃபிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சோதனை. அதில் ஃபிலிமுக்கு முன்னால் துணித் திரை ஷட்டர் ஒன்றும் உண்டு. லென்ஸ் ஷட்டரில் படம் எடுக்கும்போது அந்தத் திரை திறந்தே இருக்க வேண்டும். மூடியிருந்தால் தாள் வெறுமையாக வரும், காரணமும் புரியாது. கிரௌன் கிராஃபிக்கில் அந்தத் திரை இல்லை. தொடங்குகிறவருக்கு அதை நான் பரிந்துரைக்க இதுவே பெரிய காரணம்.

4. லென்ஸும் ஷட்டரும்

லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சில தூசிகள், விளிம்பில் உதிர்ந்த கறுப்புப் பூச்சு, முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் ஆகியவை படத்தைக் கெடுக்கா. பால் படிந்ததுபோன்ற மங்கலும் சிலந்திவலை போன்ற பூஞ்சையும் கெடுக்கும். முன் கண்ணாடித் தொகுதியும் பின் தொகுதியும் கடைசிச் சுற்று வரை திருகப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அரைச் சுற்று தளர்ந்திருந்தாலே கூர்மை போய்விடும்.

ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் இயக்கிப் பாருங்கள். பழைய ஷட்டர்களில் 1/100-க்கு மேற்பட்ட வேகங்கள் சற்று மந்தமாகவும், 1 நொடி முதல் 1/10 வரையிலான மெதுவேகங்கள் பாதியில் சிக்கிக்கொண்டும் இருப்பது வழக்கம். எண்ணெய் விடாதீர்கள். அது இதழ்களில் பரவி ஒட்டிக்கொள்ளும், நல்ல ஷட்டரும் கெடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை 'பி' நிலையில் (அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும்) நொடிகளை எண்ணி எடுக்கலாம். 6-ம் பகுதியில் அதற்கேற்ற வழியைச் சொல்கிறேன்.

பழைய காம்பர் வகை ஷட்டர்களில் ஒரு விதி உண்டு. உச்ச வேகம் தேவையென்றால் அதை முதலில் வைத்துவிட்டுத்தான் ஷட்டரை இழுத்து ஏற்ற வேண்டும். அந்த வேகத்துக்கு மட்டும் தனி ஸ்பிரிங் உண்டு. ஏற்றிய பிறகு வளையத்தை அங்கே திருப்புவது பொறிக்குக் கேடு. எல்லா ஷட்டரிலும் 'முதலில் வேகம், பிறகு ஏற்றுதல்' என்று பழகிக்கொண்டால் இதைத் தனியாக நினைவில் வைக்கத் தேவையில்லை.

5. ஹோல்டரைப் புரிந்துகொள்வதும் நிரப்புவதும்

மற்ற எல்லாப் பகுதிகளையும்விட இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். இருட்டில் செய்யும் வேலை என்பதால், கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

இரட்டை ஹோல்டரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாள் போகும். ஒவ்வொன்றையும் மூட ஒரு டார்க் ஸ்லைடு. அதன் கைப்பிடியில் ஒரு பக்கம் வெள்ளை அல்லது வெள்ளி, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் உள்ளே புதிய ஃபிலிம். கறுப்பு தெரிந்தால் எடுத்து முடித்த ஃபிலிம். பெரும்பாலான ஹோல்டர்களில் வெள்ளைப் பக்கத்தில் சிறு புடைப்புகள் இருக்கும், இருட்டில் விரலுக்குத் தெரிவதற்காக.

முதலில் வெளிச்சத்தில் எல்லா ஹோல்டர்களுக்கும் எண் போடுங்கள்: 1அ, 1ஆ, 2அ, 2ஆ என்று. பின்னால் ஒளிக்கசிவைக் கண்டுபிடிக்க இந்த எண்தான் உதவும். பிறகு டார்க் ஸ்லைடுகளை வெளியே எடுத்து, உள்ளே உள்ள தூசியை மென்தூரிகையால் தட்டி எடுங்கள். வெற்றிடத் துப்புரவுக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. ஃபிலிமில் ஒட்டிய தூசி நெகட்டிவில் தெளிந்த புள்ளியாகவும் பிரிண்ட்டில் கறுப்புப் புள்ளியாகவும் வரும். வானத்தின் நடுவே அப்படி ஒன்று விழுந்தால் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

கெட்டுப்போன தாள் ஒன்றைப் பயிற்சிக்கென்று ஒதுக்குங்கள். தாளின் ஒரு குறுகிய விளிம்பில் சின்ன வெட்டுக்குறிகள் இருக்கும். தாளை நெட்டுக்குத்தாகப் பிடித்து, குறி வலது மேல் மூலையில் வருமாறு வைத்தால் எமல்ஷன், அதாவது ஒளியை உணரும் பூச்சு உள்ள பக்கம் உங்களைப் பார்க்கும். இதை மனப்பாடமாக்குங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து வரும்.

நிரப்பும் வரிசை இப்படி:

ஹோல்டரை மேசையில் படுக்க வைத்து, திறக்கும் மடிப்பு மூடி உங்கள் பக்கம் இருக்கட்டும். டார்க் ஸ்லைடைப் பாதிக்கு மேல் இழுங்கள், முழுக்க எடுக்க வேண்டாம். மூடியைத் திறந்தால் இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு காடிகள் தெரியும். மேலே உள்ளது ஸ்லைடுக்கு, கீழே உள்ளது ஃபிலிமுக்கு. எமல்ஷன் மேலே பார்க்க, வெட்டுக்குறி உங்கள் பக்கம் இடது மூலையில் வருமாறு தாளைப் பிடித்து, கீழ்க் காடிக்குள் மெல்லத் தள்ளுங்கள். குறி மூடியோரம் இருப்பதால், உள்ளே போன பிறகும் விரலால் தொட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

இப்போது புதியவர்கள் தவறாமல் விட்டுவிடும் ஒரு படி. தாளின் இரு நீள ஓரங்களையும் நகத்தால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். இரண்டும் காடிக்கு அடியில் இருந்தால் எழும்பாது. ஒரு ஓரம் எழும்பினால் அது மேல் காடிக்குள் போயிருக்கிறது. வெளியே இழுத்து மறுபடி தள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் ஸ்லைடு முட்டும், அல்லது தாள் சாய்ந்து பாதிப் படம் மங்கும்.

பிறகு மூடியை மடக்கி, ஸ்லைடை வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய முழுக்கத் தள்ளி, மேலே உள்ள சிறு கொக்கியைத் திருப்பிப் பூட்டுங்கள். ஸ்லைடின் நுனி மூடியின் பள்ளத்துக்குள் போய் அமர்வது கைக்குத் தெரிய வேண்டும்.

கண்ணைத் திறந்து, பிறகு கண்ணை மூடி, பிறகு இருட்டறையில் அல்லது வெளிச்சம் புகாத மாற்றுப் பையில் என்ற படிவரிசையில் பழகுங்கள். மாற்றுப் பைக்குள் கை வியர்க்கும், வியர்வை விரல் எமல்ஷனில் தடம் விடும். ஆகவே தாளை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். பைக்குள் எதை எந்த மூலையில் வைக்கிறீர்கள் என்பதையும் மாற்றாதீர்கள். ஃபிலிம் பெட்டி இடப்பக்கம், ஹோல்டர் வலப்பக்கம் என்றால் எப்போதும் அப்படியே. எல்லா ஹோல்டரையும் நிரப்பிய பின் ஃபிலிம் பெட்டியின் மூடிகளை எல்லாம் போட்டீர்களா என்று தொட்டுப் பார்த்த பிறகே விளக்கைப் போடுங்கள்.

6. முதல் தாள்கள் ஃபிலிமாக இருக்க வேண்டாம்

கறுப்பு வெள்ளை பிரிண்ட் போடும் ஃபோட்டோ பேப்பரை ஹோல்டரில் வைத்துப் படம் எடுக்கலாம். பேப்பரில் நெகட்டிவ் பிம்பம் விழும். சிவப்பு சேஃப்லைட் வெளிச்சத்தில் நிரப்பலாம், டெவலப் செய்யலாம், பிம்பம் எழுவதைக் கண்ணால் பார்க்கலாம். தவறினால் இழப்பு சிறிது. கேமராவின் கசிவு, ஃபோகஸ், உங்கள் கைவரிசை மூன்றையும் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பேப்பரைச் சரியாக 4×5 அங்குலமாக வெட்டினால் ஹோல்டருக்குள் போகாது. 4×5 என்று விற்கப்படும் ஃபிலிமே அதைவிடச் சற்றுச் சிறியது. நீளத்திலும் அகலத்திலும் 2 மி.மீ. குறைத்து வெட்டுங்கள்.

பேப்பரின் வேகம், அதாவது ஒளியுணர்வு, ஐ.எஸ்.ஓ. 3 முதல் 6 வரைதான். 6 என்று வைத்துத் தொடங்குங்கள். நல்ல வெயிலில் லென்ஸ் துளை (எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) எஃப்/16-க்கு 1/6 நொடி, எஃப்/45-க்கு ஒன்றேகால் நொடிக்குச் சற்று மேல். இதுதான் நான் முன்பு சொன்ன வழி: ஷட்டரின் மெதுவேகம் சிக்கினாலும் துளையைச் சிறிதாக்கி, 'பி'-யில் கேபிள் ரிலீஸை அழுத்தி எண்ணலாம்.

பேப்பர் சிவப்பு ஒளியைப் பார்க்காது. செங்கல் சுவர் கறுத்தும் வானம் வெளுத்தும் வருவது உங்கள் தவறல்ல. கடும் வெயிலில் நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே ஒன்றுமில்லாமல் போகும், மேகமூட்டமான நாளில் எடுங்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு ஃபோகஸ் சோதனையையும் முடித்துவிடுங்கள். நீண்ட அளவுகோல் ஒன்றைச் சாய்வாகக் கிடத்தி, நடுவே ஒரு எண்ணில் லூப் வைத்து ஃபோகஸ் செய்து, துளையை முழுக்கத் திறந்தபடி எடுங்கள். பேப்பருக்கு ஏற்ற நேரம் கிடைக்க அறை வெளிச்சத்திலேயே எடுக்கலாம். அதே எண் கூர்மையாக வந்தால் திரையும் ஹோல்டரும் ஒரே ஆழத்தில் இருக்கின்றன.

7. நிறுத்துவதும் ஃபோகஸ் செய்வதும்

டிரைபாடை நிறுத்தி, கேமராவை மட்டப்படுத்தி, எல்லா அசைவுகளையும் பூஜ்ய நிலைக்குக் கொண்டுவாருங்கள். போன முறை சாய்த்த முன் சட்டம் அப்படியே இருந்தால், இந்த முறை ஏன் ஒரு பக்கம் மட்டும் மங்குகிறது என்று புரியாமல் நிற்பீர்கள்.

ஷட்டரைத் திறந்து வைத்து, துளையை முழுக்கத் திறங்கள். வெளிச்சம் கூடும், ஃபோகஸ் ஆழம் குறையும். கூர்மையின் இடம் அப்போதுதான் துல்லியமாகத் தெரியும். பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கும். அதற்குக் கண் சீக்கிரம் பழகிவிடும்.

முதலில் வெறுங்கண்ணால் சட்டகத்தை அமையுங்கள், பிறகு லூப் வையுங்கள். பலர் லூப்பை நடுவில் மட்டும் வைக்கிறார்கள். நான்கு மூலைகளையும் பாருங்கள், அங்கேதான் கோளாறு ஒளிந்திருக்கும். முடிந்ததும் ஃபோகஸ் பூட்டை இறுக்கி, மறுபடி ஒருமுறை லூப் வைத்துப் பாருங்கள். பூட்டும்போதே சட்டம் நகர்வது பழைய கேமராக்களில் சகஜம்.

8. அசைவுகளில் இரண்டை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்

முன் சட்டத்தை உயர்த்துவது முதலாவது. உயரமான கட்டடத்துக்குக் கேமராவை அண்ணாந்தால் செங்குத்துக் கோடுகள் மேலே குவியும். கேமராவை மட்டமாகவே வைத்து லென்ஸை மட்டும் உயர்த்தினால் மேல்மாடி சட்டகத்துக்குள் வரும், கோடுகள் நேராக நிற்கும். பின்பக்கம் சுவருக்கு இணையாக இருப்பதுதான் இதற்குக் காரணம்.

இரண்டாவது, முன் சட்டத்தை முன்னோக்கிச் சாய்ப்பது. காலடிப் புல்லும் தொலைவு மரமும் சேர்ந்து கூர்மையாக வேண்டுமென்றால் இது. லென்ஸின் தளம், ஃபிலிமின் தளம், கூர்மையாக வேண்டிய தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும்போது அந்தத் தளம் முழுக்கக் கூர்மையாகும். ஆஸ்திரியாவின் தியோடர் ஷைம்ஃப்ளூக் பெயரால் இந்த விதி வழங்குகிறது. நடைமுறையில்: தொலைவுக்கு ஃபோகஸ் செய்யுங்கள், அருகிலுள்ளது தெளியும் வரை மிகச் சிறிதாகச் சாயுங்கள், மறுபடி தொலைவைத் திருத்துங்கள். இரண்டு மூன்று சுற்றில் முடியும். சாய்வு சில டிகிரிதான். புதியவர்கள் மிகையாகச் சாய்க்கிறார்கள். அப்போது மரத்தின் உச்சி கூர்மையை விட்டு வெளியே போய்விடும்.

லென்ஸ் வீசும் ஒளிவட்டத்துக்கு எல்லை உண்டு. பல கண்ணாடித் திரைகளின் மூலைகள் வெட்டப்பட்டிருப்பது வீணுக்கல்ல. துளையைச் சிறிதாக்கிய பின் அந்த மூலை வழியாக லென்ஸைப் பாருங்கள். துளை முழு வடிவில் தெரிந்தால் சரி. பூனைக்கண்போல் ஒடுங்கினால் அந்த மூலை இருளும், உயர்த்தியதைக் கொஞ்சம் இறக்குங்கள். துருத்தி தொய்ந்து ஒளியை மறைக்கிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

9. ஒளி அளவும் இரண்டு திருத்தங்களும்

ஃபிலிமுக்கு மாறும்போது இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் போன்ற ஐ.எஸ்.ஓ. 400 கறுப்பு வெள்ளை ஃபிலிமைப் பரிந்துரைக்கிறேன். அளவில் சிறிது பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். எஃப்/22 நல்ல தொடக்கத் துளை: ஆழமும் கிடைக்கும், மூலைகளும் தெளியும்.

அருகில் ஃபோகஸ் செய்யும்போது துருத்தி நீளும், ஃபிலிமில் விழும் ஒளி குறையும். லென்ஸுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை ஃபோகல் நீளத்தால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்குங்கள். அத்தனை மடங்கு ஒளி வேண்டும். 150 மி.மீ. லென்ஸ் 210 மி.மீ. நீண்டிருந்தால் இரண்டு மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப். 300 மி.மீ. என்றால் நான்கு மடங்கு. பொருள் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் இருந்தால் இந்த லென்ஸில் இந்தக் கணக்கை விட்டுவிடலாம்.

மற்றொன்று நீண்ட நேர எக்ஸ்போஷர். நொடிகள் கூடக்கூட ஃபிலிமின் உணர்திறன் தளர்கிறது. எச்பி5 பிளஸுக்கு இல்ஃபோர்ட் தரும் அடுக்கு 1.31; மீட்டர் காட்டும் நொடிகளை அந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டும். மீட்டர் 10 நொடி என்றால் 20 நொடி கொடுக்க வேண்டும். 30 நொடி என்றால் ஏறக்குறைய 86. எஃப்/32-க்கும் மாலை வெளிச்சத்துக்கும் போகும்போது இது அடிக்கடி வரும்.

10. படம் எடுக்கும் வரிசை

ஹோல்டர் செருகும் முன் லென்ஸ் பக்க வேலைகள் எல்லாம் முடிய வேண்டும். ஹோல்டர் உள்ளே போன பிறகு லென்ஸைத் தொடும் ஒவ்வொரு தடவையும் ஃபோகஸ் நகர வாய்ப்பு.

அ. ஷட்டரை மூடுங்கள். திரை இருண்டுவிட்டதா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான படி இது.

ஆ. துளையைத் தேவையான எஃப் எண்ணுக்குக் குறையுங்கள். ஃபோகஸுக்காக முழுக்கத் திறந்ததை மறப்பதுதான் மிகப் பரவலான தவறு.

இ. வேகத்தை வையுங்கள், ஷட்டரை ஏற்றுங்கள், ஒருமுறை வெறுமனே இயக்குங்கள். முன்னால் நின்று இதழ் திறந்து மூடுவதைக் கண்ணால் பாருங்கள். மறுபடி ஏற்றுங்கள்.

ஈ. ஒரு கையால் கேமராவைத் தாங்கிக்கொண்டு ஹோல்டரைச் செருகுங்கள். ஹோல்டரில் உள்ள மேட்டுக்கோடு பின்பக்கத்துப் பள்ளத்தில் அமர்ந்தால் லேசான ஒலி கேட்கும். அமராவிட்டால் ஓரத்தில் ஒளி புகும்.

உ. கறுப்புத் துணியைப் பின்பக்கத்தின் மேல் போர்த்தி, லென்ஸைப் பார்த்திருக்கும் பக்கத்து டார்க் ஸ்லைடை நேராக உருவுங்கள். உங்கள் பக்கம் இருப்பதை உருவினால் பின்பக்கத் தாள் வெளிச்சத்தில் போய்விடும். கற்கவரும் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இதைச் செய்வதைப் பார்க்கிறேன். உருவும் முன் 'லென்ஸ் பக்கம்' என்று வாய்விட்டுச் சொல்வது நல்ல பழக்கம்.

ஊ. சில நொடி காத்திருங்கள். துருத்தியின் அதிர்வு அடங்கட்டும். காற்று வீசினால் நிற்கும் வரை பொறுங்கள். கேபிள் தொய்வாக இருக்க, மெல்ல அழுத்துங்கள்.

எ. கறுப்புப் பக்கம் வெளியே தெரிய ஸ்லைடைத் திருப்பிச் செருகி, கொக்கியைப் பூட்டுங்கள். ஹோல்டரை எடுக்கும் முன்பே இது முடிய வேண்டும்.

ஏ. ஹோல்டர் எண், துளை, நேரம், அசைவு ஆகியவற்றை அந்த இடத்திலேயே குறிப்பேட்டில் எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் எது எந்தத் தாள் என்று நினைவிருக்காது.

ஃபிலிம் இல்லாத ஹோல்டரை வைத்து, இந்த எட்டையும் யோசிக்காமல் செய்ய வரும் வரை பழகிவிட்டு வெளியே போங்கள்.

11. டெவலப் செய்தல்

பேப்பருக்கு, பேப்பர் டெவலப்பரில் ஒன்று முதல் இரண்டு நிமிடம். ஃபிலிமுக்கு முழு இருட்டு வேண்டும், சிவப்பு விளக்கும் ஆகாது. 4×5 தாள்களுக்கான டேங்க் இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால் மூன்று டிரேக்களில் (டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர்), ஒரு நேரத்துக்கு ஒரு தாள் மட்டும் செய்யுங்கள். பல தாள்களை அடுக்கிப் புரட்டும் முறைக்குப் பின்னால் போகலாம். பழகாத கையில் ஒன்றன் மூலை மற்றொன்றன் எமல்ஷனைக் கீறும்.

முதலில் ஒரு நிமிடம் தண்ணீரில் நனையுங்கள். எமல்ஷன் மேலே பார்க்கட்டும். எச்பி5 பிளஸ், ஐடி-11 டெவலப்பர் 1+1 கலவையில் 20 டிகிரி செல்சியஸில் 13 நிமிடம். டிரேயை நிறுத்தாமல் ஆட்டினால் 11 நிமிடம் அளவு போதும், ஓயாத அசைவு வேலையைத் துரிதப்படுத்தும். தண்ணீர் சூடாக இருந்தால் பனிக்கட்டிப் பையைப் பாத்திரத்துக்கு வெளியே வைத்துக் குளிர்வியுங்கள், கலவைக்குள் போடாதீர்கள். நான்கு 4×5 தாள்களின் பரப்பு ஒரு 36 படச் சுருளுக்குச் சமம் என்பதை வைத்து மருந்தின் அளவைக் கணக்கிடலாம்.

12. நெகட்டிவைப் பார்த்துக் கோளாறை அறிதல்

தாள் முழுக்கத் தெளிவாக இருந்தால் ஒளியே படவில்லை: ஸ்லைடு உருவப்படவில்லை, ஷட்டர் திறக்கவில்லை அல்லது திரை ஷட்டர் மூடியிருந்தது. முழுக்கக் கறுத்திருந்தால் ஷட்டர் திறந்திருக்கும்போது ஸ்லைடு உருவப்பட்டிருக்கிறது.

பிம்பம் மெலிந்து, இடவலம் மாறியிருந்தால் தாள் தலைமாறிப் போயிருக்கிறது. வெட்டுக்குறிப் பயிற்சிக்குத் திரும்புங்கள்.

ஓரத்திலிருந்து கறுப்புக் கீற்று வந்தால் குறிப்பேட்டைத் திறங்கள். ஒரே ஹோல்டரின் ஒரே பக்கத்தில் மட்டும் வருகிறதென்றால் அதன் ஒளித்தடுப்பு தேய்ந்துவிட்டது, அதை ஒதுக்குங்கள். எல்லா ஹோல்டரிலும் ஒரே இடத்தில் வருகிறதென்றால் துருத்தியிலோ பின்பக்கத்திலோ கசிவு. டார்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

படம் முழுக்க ஒரே சீராக மங்கினால் ஹோல்டர் செருகும்போது சட்டம் நகர்ந்திருக்கலாம், டிரைபாட் அதிர்ந்திருக்கலாம். படத்தில் வேறெங்காவது ஓரிடம் கூர்மையாக இருந்து, நீங்கள் ஃபோகஸ் செய்த இடம் மட்டும் மங்கலென்றால் கண்ணாடித் திரையைச் சந்தேகியுங்கள். அளவுகோல் சோதனையை அதே ஹோல்டரில் மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்த்தால் எது காரணம் என்று பிரிந்துவிடும்.